அய்யா பார்த்த ஒரே படம்

தியேட்டர் வாசலில் அய்யா செருப்பைக் கழற்றினார்.

ஆலயத்துக்குள் நுழைவதுபோல, ஒரு காலால் மற்றக் காலின் செருப்பை ஒதுக்கி, இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் உடுத்துகிற உடுப்பு. அன்று சனிக்கிழமை.

டிக்கெட் கிழிக்கிறவர் சிரித்துவிட்டார்.

"பெரியவரே, இது தேட்டரு. செருப்பைப் போட்டுக்கிட்டே போங்க. விட்டுட்டுப் போனா திரும்பி வாரப்ப இருக்காது."

"இருந்தா இருக்கட்டும்யா" என்றார் அய்யா.

எங்க அய்யா இன்றைக்குத்தான் முதல்முதலாக வருகிறார் என்று சொல்ல நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அவருக்குப் பின்னால் போனேன்.

அய்யாவுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை ஒரு சினிமாக் கொட்டகைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அவருடைய மகன் அதற்குள் பெங்களூரில் பேர்பெற்ற டைரக்டராகி, கன்னடத்தில் நாலைந்து படங்கள் எடுத்துவிட்டிருந்தார்.

அந்த ஜெயசீலனின் தங்கை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்தப் பக்கங்களில் எழுத எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அண்ணனின் படங்களைப் பற்றிச் சொல்ல பெங்களூரில் எத்தனையோ படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு காலைக் காட்சியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. சித்திரை மாத வெயில்.

சினிமா ஆகாத வீடு

எங்கள் வீடு ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அய்யா செட்டியார்பட்டிக்காரர். சின்ன வயதிலேயே மில்லில் சேர்ந்து, நூல் நூற்கிற பகுதியில் மேஸ்திரியானவர். விடிந்தால் வேதப்புத்தகம், பொழுதடைந்தால் ஜெபம். சினிமா அவருக்குப் பாவம். சாயந்திரம் கொட்டகையில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். கோபமாகச் சாத்த மாட்டார். கொசு வருகிறது என்று சாத்துகிறவர் மாதிரி சாத்துவார்.

அண்ணன் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதனடியில் உட்கார்ந்து உள்ளே ஓடுகிற படத்தைக் காதால் கேட்பார். வசனம், அழுகை, சண்டை, எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் வரும். எந்த இடத்தில் சத்தமே வரவில்லையோ அந்த இடத்தில்தான் என்னவோ முக்கியமாக நடக்கிறது என்று நினைத்துக்கொள்வாராம். வளர்ந்த பிறகு என்னிடம் சொன்னது இது. அவருடைய படங்களில் முக்கியமான இடங்களில் யாரும் பேசுவதில்லை.

சங்கு ஊதாத நாட்கள்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது மில்லில் ஸ்டிரைக் வந்தது. காலையில் சங்கு ஊதாமல் ஊரே திசை தெரியாமல் எழுந்தது. அய்யாவும் ஸ்டிரைக்கில்தான் இருந்தார். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பிய வயது. கொடி பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

அம்மா அப்போது மில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டியை எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். தையல் ஆறவில்லை. சீழ் வைத்திருந்தது.

ஸ்டிரைக் முடிகிறமாதிரி தெரியவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் வந்து சொன்னார்கள், வேலைக்கு வராதவர்களின் வீட்டு நோயாளிகளை இனி வைத்திருக்க முடியாது என்று. அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அய்யா அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை மில்லின் பின்வாசல் வழியாக ஒரு வேன் உள்ளே போனது. அதில் அய்யாவும் இருந்தார்.

அன்றைக்கென்று பார்த்துக் கொடிபிடித்தவர்கள் பின்வாசலுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் நின்றார். வேனிலிருந்து இறங்கிய அய்யாவை நேருக்கு நேர் பார்த்து, ஊரே கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொன்னார். கருங்காலி. ஸ்டிரைக்கை உடைத்து வேலைக்குப் போகிறவனுக்கு மில்லில் அதுதான் பேர்.

நான் அங்கே இல்லை. ஆனால் பார்த்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தினமும் நடித்துக் காட்டினார்கள். ஒருத்தி அய்யா மாதிரி தலையைக் குனிந்து வருவாள். இன்னொருத்தி அண்ணன் மாதிரி கையை நீட்டுவாள்.

"ஏட்டி ரூத்து, ஒங்கய்யா வீட்டுக்குள்ளயும் பொறவாசல் வழியாத்தான் வாராரா?"

எட்டாம் வகுப்போடு நான் நின்றதற்குப் படிப்பு வராதது காரணமில்லை.

அம்மா அந்த மாதமே போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் அண்ணன் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். தேவதானத்துக்காரர் ஒருவர் அங்கே ஓட்டலில் வேலையாக இருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார், "வாரேன்ட்டி." அய்யா உள்ளறையில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசவில்லை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை. இருபது வருடம்.

இருட்டைப் படம் பிடித்தவர்

ஓட்டலில் தட்டுக் கழுவி, அங்கே சாப்பிட வந்த ஸ்டுடியோக்காரர்களோடு பழகி, லைட் தூக்கும் ஆளாகச் சேர்ந்தார். பஸ் போர்டுகளைப் பார்த்துக் கன்னட எழுத்தைப் படித்தாராம். பல வருடம் லைட் தூக்கினார். பிறகு உதவி டைரக்டர். அதன் பிறகு ஒரு துணிக்கடைக்காரர் பணம் போட முதல் படம்.

"இம்புட்டு வருசம் வெளிச்சத்தச் சொமந்திருக்கேன். அலுத்துப்போச்சுட்டி. இனிமே இருட்டத்தான் எடுப்பேன்" என்பார்.

சொன்னபடியே எடுத்தார். பாட்டுக் கிடையாது. சண்டை கிடையாது. ஒரு சிம்னி விளக்கு எரியும் அறை என்றால் அந்த விளக்கின் வெளிச்சம் மட்டுமே இருக்க வேண்டும். நடிப்பவர்களின் முகம் பாதி தெரியாது. முதலில் கன்னடத்துக்காரர்களே திட்டினார்கள். பிறகு டெல்லியில் பரிசு கொடுத்தார்கள். பிறகு சின்னப் பையன்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவரை அவர்கள் மேஷ்ட்ரு என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் வாத்தியார் என்பதுபோல. கன்னட சினிமாவே அவருக்கு முன், அவருக்குப் பின் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டதாக இப்போது எழுதுகிறார்கள். படத்தில் அவர் பெயரை ஜயசீல என்று போடுவார்கள். கடைசி எழுத்தை அங்கே விட்டுவிட்டார்கள்.

ராஜபாளையத்தில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்பார்கள்.

"ரூத்து, ஒங்கண்ணன் யாருகூட நடிக்காரு?"

"நடிக்கலக்கா. எடுக்காக."

"காமெராவா?"

"இல்ல. நடிக்கவங்களுக்குச் சொல்லிக் குடுக்காக."

"அப்ப வாத்தியாருன்னு சொல்லு. அதுக்கா அம்புட்டுத் தூரம் போனாரு?"

ஒரு ஞாயிறு மதியம் டெல்லி டிவியில் அண்ணனின் படம் ஒன்று வந்தது. அந்த நேரத்தில் பிறமொழிப் படங்கள் போடுவார்கள். பக்கத்தில் மில் கணக்கப்பிள்ளை வீட்டில் டிவி இருந்தது. தெருவே கூடியது. அடியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. ஒரு பெண் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு குடத்தை நெடுநேரம் விளக்கினாள். "இந்தக் கொடத்த வெளக்கி முடிக்கதுக்குள்ள நம்ம வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் வெளக்கிரலாம்" என்றாள் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எல்லோரும் நிம்மதியாக எழுந்து போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அய்யா கணக்கப்பிள்ளை வீட்டைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"கரண்டு போயிருச்சுய்யா."

எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

தமிழில் படம் எடுக்கச் சொல்லி மெட்ராசிலிருந்து ஆட்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, "தமிழ்ல எடுத்தா அய்யாவுக்குப் புரிஞ்சிரும்" என்றார். சிரிப்புக்குச் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

"கடைசிவரைக்கும் இருக்கணும்"

கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அண்ணன் எப்போதாவது என் வீட்டுக்கு வருவார். டவுன் பஸ் பிடித்தால் செத்த நேரத்தில் ராஜபாளையம். அங்கே மட்டும் போக மாட்டார்.

அந்தச் சித்திரையில் வந்தபோது தகரப் பெட்டிகளோடு வந்தார். பெட்டிக்குள் படச்சுருள். படத்தின் பெயருக்குத் தமிழில் பின்வாசல் என்று அர்த்தம்.

"அய்யா கதையாண்ணே?"

"ஆமா. ஸ்டிரைக்கு, ஆஸ்பத்திரி, எல்லாம் இருக்கு."

"அத ஏன் இங்க கொண்டுவந்தீக?"

"அவிய பாக்கணும். அதுக்குத்தான் எடுத்தேன். நீதான் கூட்டிட்டு வரணும்."

அய்யாவையா, தியேட்டருக்கா என்று நான் திகைத்து நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"படத்துல முக்காவாசி, நான் அன்னைக்கி எப்படிப் பாத்தேனோ அப்படித்தான் அவியளக் காட்டியிருக்கேன். கோவமாத்தான் இருக்கும். கடைசி ரீல்ல ஒரு காட்சி இருக்கு. அதப் பாத்தாத்தான் படம். பாக்காம எந்திரிச்சிட்டாகன்னா, நான் ரெண்டாந்தடவை அதே வார்த்தையச் சொன்ன மாதிரி ஆயிரும். கடைசிவரைக்கும் இருக்கணும், ரூத்து. அது ஒண்ணுதான்."

"அப்படி என்ன காட்சி?"

"வாயால சொல்ல முடிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல. முடியாமத்தான இம்புட்டுப் பேரை வச்சுப் படம் எடுக்கேன்."

படத்தை ராஜபாளையத்தில் போட அவருக்கு மனமில்லை. மில்லுக்காரர்கள் கூடிவிடுவார்கள். அய்யாவை நடுவில் உட்காரவைத்துப் பார்த்தமாதிரி ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சில பாங்க் ஊழியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து நல்ல படங்கள் போட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் ஒரு தியேட்டரில் சனிக்கிழமை காலைக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள்.

நான் ராஜபாளையம் போய் அய்யாவிடம் சொன்னேன். படம் எதைப் பற்றியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அவன் கூப்பிட்டானா?"

"ஆமாய்யா."

"அவனேவா?"

"அண்ணனேதான் கூப்பிட்டாக."

"எத்தனை மணிக்கு?" என்றார்.

காலைக் காட்சி

ஒரு தவறு நடந்துவிட்டது. அதை இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடியும்.

கல்லூரி ஆசிரியர்கள் ஒட்டிய நோட்டீசில் 'கன்னடத் திரைப்படம், காலைக் காட்சி' என்று மட்டும் இருந்தது. பிறமொழிப் படம், அதுவும் காலைக் காட்சி என்றால் அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆசிரியர்களைத் தவிர. மம்சாபுரத்திலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ இளவட்டங்கள் 'அந்த மாதிரி' படம் என்று நம்பி சைக்கிளில் வந்திருந்தார்கள். சிலர் தெரிந்தவர் பார்த்துவிடக்கூடாது என்று கைக்குட்டையை முகத்தில் கட்டியிருந்தார்கள். தியேட்டர் மானேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வெறுங்காலோடு, ஆராதனை உடுப்போடு அய்யா உள்ளே நடந்தார். பின்வரிசையில் நானும் அவரும் உட்கார்ந்தோம். அண்ணன் அருகே வரவில்லை. ஆபரேட்டர் அறைக்குப் போகும் படியோரம் நின்றார். அவர் அங்கே நிற்பது அய்யாவுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

படம் தொடங்கியது. மில்லின் இயந்திரங்கள். வரிசை வரிசையாக நூல் சுற்றுகிறது.

"ஏலே, என்னலே இது, மெசினக் காட்டுதான்?"

"செத்த நேரம் பொறுலே. மெசின் ஓடி முடிஞ்சதும் வரும்."

"என்னது வரும்?"

"வரவேண்டியது வரும்."

ஓவென்று சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அய்யாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துத் திரையையே பார்த்தார். மில்லில் தெலுங்கு பேசுகிறவர்களோடு ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். கன்னடமும் அவருக்குப் பாதி பிடிபட்டது. பிடிபடாத பாதி அவருக்குத் தெரிந்த கதைதானே.

இடைவேளையில் பாதிக் கூட்டம் கலைந்தது. ஒருவன் மானேஜரிடம் சண்டைக்குப் போனான். "கன்னடம்னு சொல்லி ஏமாத்திட்டீகளே."

"கன்னடந்தானய்யா ஓடுது" என்றார் மானேஜர்.

இடைவேளைக்குப் பிறகு ஆஸ்பத்திரி வந்தது. அம்மா மாதிரி ஒரு பெண் படுத்திருந்தாள். அய்யா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கட்டிலு ஜன்னல்பக்கம் கெடந்துச்சு" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

பிறகு வேன் வந்தது. பின்வாசல். கொடிகள். அப்பாவாக நடித்தவர் இறங்கித் தலையைக் குனிந்தபடி நின்றார். மகனாக நடித்த பையன் முன்னால் வந்து கையை நீட்டினான். "துரோகி" என்றான். கருங்காலி என்பதற்குப் பதிலாக அண்ணன் வைத்த வார்த்தை. கன்னடத்திலும் துரோகி துரோகிதான்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சும்மா இருந்தார்கள். அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

திரை முழுக்க இருண்டது.

வெளிச்சம்

நம் பக்கத்துத் தியேட்டர்களில் படம் முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. வில்லன் விழுந்துவிட்டால், பிரிந்தவர்கள் சேர்ந்துவிட்டால், கதவோரம் நிற்கிற ஆளுக்குப் போதும். தாழ்ப்பாளை இழுத்துவிடுவார். கூட்டமும் எழுந்துவிடும். அடுத்த காட்சிக்கு வெளியே ஆள் நிற்கும். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அன்றும் அப்படித்தான். அண்ணனின் படத்தில் அந்த இருட்டு கொஞ்ச நேரம் நீடித்தது. வேண்டுமென்றே வைத்த இருட்டு. கதவு ஆளுக்கு அது எப்படித் தெரியும்? பாவம், அவர் தன் வேலையைச் செய்தார். இரண்டு பக்கத்துக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. உச்சி வெயில் உள்ளே பாய்ந்தது. திரை வெறும் வெள்ளைத்துணி ஆனது.

அந்தத் துணியில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. ஈரக்கறை மாதிரி ஒரு நிழல் அசைந்தது எனக்குத் தெரிந்தது. பேச்சு இல்லை. இசை இல்லை. எழுந்தவர்களின் தலை நிழல்தான் பெரிதாக விழுந்தது.

"கதவச் சாத்துங்க. படம் முடியல" என்று அண்ணன் ஓடிவந்தார்.

"அதான் துரோகின்னு சொல்லிட்டான்லண்ணே. இன்னும் என்ன?" என்று ஒரு பையன் சொல்லிக்கொண்டே போனான்.

பெங்களூரில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் படப்பிடிப்பே அசையாமல் நிற்கும் என்பார்கள். இங்கே அவர் ஒரு கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார். மற்ற கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன.

நான் அய்யாவின் சட்டையைப் பிடித்தேன். "உக்காருங்கய்யா. இன்னும் இருக்கு."

"எல்லாரும் போறாகள்ல" என்றார். சினிமா வழக்கம் தெரியாதவர். மற்றவர்கள் எழுந்தால் எழ வேண்டும் என்று நினைத்தார். ஆலயத்தில் அப்படித்தான்.

அவர் நேராக நடந்து போன கதவு, அண்ணன் சாத்திப் பிடித்திருந்த கதவு.

இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அண்ணனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அய்யா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தார்.

"வழிய விடு" என்றார்.

அண்ணன் விட்டார்.

வெளியே சுவரோரம் செருப்பு இல்லை. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

சொல்லியும் சேராதது

பஸ்ஸுக்காக நிழலில் நின்றபோது சொன்னேன்.

"அய்யா, இன்னும் ஒரு காட்சி இருந்துச்சு. அதுக்குத்தான் அண்ணன் ஒங்களக் கூப்பிட்டாக."

"என்ன காட்சி?"

"தெரியாதுய்யா. நானும் பாக்கல."

"தெரியாதத எப்படிச் சொல்லுத?"

"அண்ணன் சொன்னாக. அதப் பாத்தாத்தான் படமாம்."

அய்யா என் தலையில் கையை வைத்தார். எப்போதும் செய்கிறவர் இல்லை.

"எனக்கு ஆறுதல் சொல்லாத ரூத்து. அவன் எல்லாத்தையும் சரியாத்தான் எடுத்திருக்கான். அந்த வாசல் வழியாத்தான் போனேன். அந்த வார்த்தையத்தான் சொன்னான். அதுக்குப் பொறவு என்ன இருக்கு?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "நேர்ல போயி ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே. டவுன் பஸ்சுதான்" என்று கெஞ்சினேன்.

"என்னன்னு சொல்ல? கடைசில ஒங்கள நல்லவராக் காட்டியிருக்கேன்னா?" என்றார். "எனக்கே சொல்லச்சொல்லப் பொய்யாத் தெரியும்ட்டி."

அந்தக் கடைசி ரீலை மட்டும் மறுபடி கொண்டுவருவதாகச் சொன்னார். ராஜபாளையத்திலேயே ஒரு சின்ன இடம் பிடித்து, அய்யாவை மட்டும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவதாக. ஆனால் அந்தப் பெட்டி டெல்லிக்குப் போனது, பிறகு வெளிநாட்டுக்குப் போனது. பரிசுகள் வந்தன. அது திரும்பி வர நாளாகிவிட்டது.

அதற்குள் அய்யாவின் கண்ணில் புரை விழுந்தது. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தும் பிரயோசனமில்லை. மற்றக் கண்ணில் ஆள் நிழல் மட்டும் தெரிந்தது.

அண்ணன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். குரலில் அத்தனை உற்சாகத்தை நான் கேட்டதில்லை.

"ரூத்து, பெட்டி வந்துருச்சு. அடுத்த மாசம் கொண்டாறேன்."

"அண்ணே, அய்யாவுக்குக் கண்ணு தெரியல."

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

மறுவருடம் அய்யா போய்விட்டார். அண்ணன் அடக்கத்துக்கு வந்தார். எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போய் ஒரு கை மண் போட்டார். பழைய மில்லுக்காரர் ஒருவர், "ஏலே சீலா, எம்புட்டுப் பெரிய ஆளா ஆயிட்ட" என்று கையைப் பிடித்தார். அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதன் பிறகு அவர் படமே எடுக்கவில்லை. டிவி வந்துவிட்டது, பணம் போட ஆள் இல்லை, அவர் காலம் முடிந்துவிட்டது என்றெல்லாம் பெங்களூரில் காரணம் எழுதினார்கள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நாலைந்து வருடம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்துவிட்டு, ஒருநாள் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை.

பெங்களூரில் ஒரு கூட்டம்

அவர் இறந்து ஒரு வருடம் கழித்து அவருடைய சீடர்கள் பெங்களூரில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். என்னையும் என் வீட்டுக்காரரையும் அழைத்திருந்தார்கள். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் பின்வாசல் படத்தைப் போட்டார்கள்.

இயந்திரங்கள், ஆஸ்பத்திரி, வேன், அந்த வார்த்தை. திரை இருண்டது. நான் என்னை அறியாமல் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கதவுகளுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். யாரும் எழவில்லை.

இருட்டில் முதலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மேலே ஒரு சின்னக் காற்றுச் சாளரத்திலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நூற்பு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எதுவும் ஓடவில்லை. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில், தரையில், அந்த அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்தவர் ஒரு விசையைக்கூடப் போடவில்லை. சட்டையைக் கழற்றிச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. சத்தம் வெளியே வராமல் இருக்கத்தான் அந்தச் சட்டை.

நெடுநேரம் அப்படியே இருந்தது. பிறகு காமெரா அந்த வெளிச்சத்தைப் பிடித்து மெல்ல மேலே ஏறியது. சாளரத்தின் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம். வாசலில் அந்த வார்த்தையைச் சொன்ன பையனின் முகம். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட வாயைத் திறந்தான். கூப்பிடவில்லை.

அவ்வளவுதான். படம் முடிந்தது.

விளக்குகள் எரிந்ததும் அண்ணனிடம் பல வருடம் உதவியாளராக இருந்தவர் என் அருகே வந்து உட்கார்ந்தார். தலை நரைத்தவர். பெங்களூர்த் தமிழில் பேசினார்.

"அம்மா, இந்த சீன் எடுக்கறப்ப மேஷ்ட்ரு யாரையும் ஏணியில ஏற விடல. அவரே ஏறி, அந்தக் கம்பிய எப்படிப் புடிச்சிக்கணும், எந்தப் பக்கம் தலைய சாய்க்கணும்னு அந்தப் பையனுக்குக் காட்டினாரு. மிச்சமெல்லாம் எங்க ஊருக்கே தெரியும், இது மட்டும் எனக்குத்தான் தெரியும், அன்னைக்கு நான் செவுரு ஏறிப் பாத்தேன்னு சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல."

நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடமும் அண்ணனுக்கு அது தெரிந்திருக்கிறது. அம்மாவின் அடக்கத்தன்று தெரிந்திருக்கிறது. ரயிலேறும்போது தெரிந்திருக்கிறது.

சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அந்த உதவியாளர் ஆர்வமாகக் கேட்டார்.

"உங்க அப்பா இந்தப் படத்தைப் பாத்தாரா அம்மா?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை.

"பாத்தாக" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைக் கன்னடத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். அவர்களில் ஒரு வயதான அம்மா கண் கலங்கி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.